இழைமணிக்குப் பயந்து சோற்றைக் குறைத்தவர்

எண்பதுகளின் நடுவில், ஒரு மாரி காலம் முழுக்க எங்கள் வீட்டில் நடந்த சண்டைக்குக் காரணம் கண்ணுக்கே தெரியாத ஒரு பொருள். ஆங்கிலம் படித்தவர்கள் அதை மைற்றோகொண்ட்ரியா என்பார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்கு இழைமணி என்று பெயர்.

என் கணவர் கல்முனையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தார். நூலகத்திலிருந்து ஏதோ ஒரு விஞ்ஞானச் சஞ்சிகையை வீட்டுக்குக் கொண்டுவந்தவர், மறுநாள் பகல் சோறு தின்னும் பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டு, தேநீர்க் கோப்பை வைக்கும் சின்னத் தட்டில் சோறு கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அவர் மெலிந்தால் ஊர் அவரைப் பேசாது, பெண் வீட்டாரைத்தான் பேசும்.

கரும்பலகை இல்லாததுதான் குறை, அப்படி விளக்கினார். உடம்பைக் கட்டியிருக்கும் நுண்ணிய கலங்களுக்குள் இழைமணிகள் இருக்கின்றனவாம். தின்பதை ஒட்சிசனோடு சேர்த்து எரித்துப் பலம் தருவது அவைதானாம். எரிக்கிற வேளையில் கொஞ்சம் ஒட்சிசன் கைதவறி, கண்டதையெல்லாம் கடிக்கும் குணத்தோடு வெளியே வந்துவிடுமாம். முதல் கடி இழைமணிக்குத்தான். கடிபட்ட இழைமணி இன்னும் கூடுதலாகக் கைதவற விடும். உடம்பும் சும்மா இராது, பழுதைத் திருத்திக்கொண்டேயிருக்கும். திருத்தி மாளாத கட்டம் வந்தால் கலம் தளர்ந்துவிடும், இல்லாவிட்டால் தானே தன்னை முடித்துக்கொள்ளும். முதுமை இப்படித்தான் வருகிறதென்று சிலர் நினைக்கிறார்கள், இரையைக் குறைத்த எலிகள் நெடுநாள் வாழ்ந்தனவாம் என்றார்.

"அடுப்பு எரிஞ்சா புகை வரும்தானே புள்ள. நான் அடுப்பைக் குறைச்சி எரிக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு ஒரு சிகரட்டைப் பற்றவைத்தார்.

என் உம்மா குசினித் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் மாமியார் மருமகனின் முன்னால் வந்து கதைக்கமாட்டார். எங்களுக்குக் கலியாணமாகி மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகும் உம்மா அவரோடு நேரில் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. சொல்ல வேண்டியதை என்னிடம், அவருக்குக் கேட்கிற மாதிரி உரத்துச் சொல்வார்.

"மகள், அவருக்கிட்டக் கேளு. எங்கட நெல்லறைக்குள்ள திண்டு கொழுத்த எலியெல்லாம் எப்ப மௌத்தாகுமாம்?"

எலி சாகும் நாளைக் கேட்டதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் சின்னத் தட்டை விடவில்லை.

அடுத்த மாதம் சாய்ந்தமருதில் ஒரு கலியாணம். எங்கள் விருந்துகளில் ஒரு பெரிய தட்டைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவதுதான் சகன். அதில் ஒருவர் கையை எடுத்துவிட்டால் மற்றவர்களுக்கும் தொடர்ந்து சாப்பிடக் கூச்சமாக இருக்கும். இவர் நாலு வாய் வைத்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இறைச்சி அப்படியே கிடக்க, சுற்றியிருந்தவர்கள் மரியாதைக்காகப் பட்டினி. என் தம்பி முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். இனி மச்சான் குந்துகிற சகனில் தான் குந்தப்போவதில்லை என்று அறிவித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஊர் சிரிக்கிறது, உம்மா சமைத்ததெல்லாம் வீணாகிறது, இதற்கு ஒரு முடிவு சொல்லுங்கள் என்று சத்தம் போட்டேன். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"வாப்பா நாப்பத்து மூணுல மௌத்தானவர். எனக்கு வாற வருஷம் நாப்பத்து மூணு."

அந்தக் கதை எனக்குத் தெரியும். அவருடைய தகப்பன் மாவடிப்பள்ளி வயலிலிருந்து வந்தவர், நெஞ்சு வலிக்கிறதென்று பாயில் சாய்ந்தவர், எழும்பவில்லை. இவர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. ஆனால் இத்தனை வருடமாக அந்த வயதை மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார் என்பது எனக்குத் தெரியாது. அதுவரை எனக்கு இருந்தது கோபம். அன்றிலிருந்து எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. சின்னத் தட்டில் நானே சோறு போட்டுக் கொடுக்கத் தொடங்கினேன்.

மகன் மெலிந்துவிட்டான் என்ற செய்தி மருதமுனைக்குப் போய், அவருடைய உம்மா பஸ் ஏறி வந்து இறங்கினார். எழுபது தாண்டிய மனுசி, கையில் ஒரு முட்டித் தயிர். மீன் ஆணத்தை ஊற்றி ஒரு பீங்கான் சோற்றை முடித்துவிட்டு இரண்டாவது பீங்கானுக்கும் கை நீட்டினார். தின்றுகொண்டே, தன் மகனுக்கு என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டார். பேச்சை மாற்றுவதற்காக இவர் அவசரமாகப் பாடத்தைத் தொடங்கினார். இழைமணியைப் பற்றி எல்லாம் சொல்லி, கடைசியில் ஒரு புதினமும் சொன்னார். பிள்ளைக்கு அது தாயிடமிருந்து மட்டும்தான் வருமாம், தகப்பனுடையது சேராதாம்.

திரைக்குப் பின்னாலிருந்து என் உம்மாவின் குரல் வந்தது.

"மதினி, அப்ப அது குடி மாதிரித்தானே. உம்மாட வழியால வாறது. பிறகென்னத்துக்கு இவர் வாப்பாட வயசைப் புடிச்சிக்கிட்டு இருக்கார்? உங்களப் பாக்கச் சொல்லுங்க."

குடி என்றால் வம்சப் பிரிவு; எங்கள் பக்கத்தில் உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடிதான். அதைக் கலியாணம் பேசும் வீடுகளில் சின்னப் பிள்ளையும் சொல்லும். இவர் தன் உம்மாவைப் பார்த்தார். அவர் மீன் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தார். இவருக்குச் சிரிப்பு வந்து, புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காரியம் அவ்வளவு லேசில்லை என்று அவரே பிறகு என்னிடம் சொன்னார். இழைமணிக்கு வேண்டியதில் பெரும்பங்கு கலத்தின் கருவிலிருந்து வருகிறதாம், அதில் வாப்பாவுக்கும் பாதி உண்டாம். நெஞ்சு நோய்க்கு வேறு ஆயிரம் காரணங்களும் இருக்கின்றனவாம். ஆனாலும் பயத்தின் முடிச்சு எங்கேயோ அவிழ்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரஷர் பார்த்துக்கொண்டு வந்தார். வழக்கம்போலச் சாப்பிடுங்கள், சிகரட்டை மட்டும் விடுங்கள் என்றாராம் டொக்டர். கலத்துக்குள் வரும் புகைக்குப் பயந்து சோற்றைக் குறைத்தவருக்கு வாயிலிருந்து வந்த புகை தெரியவேயில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே அவரை ஒருவழியாக விடப்பண்ணினேன்.

பீங்கான் திரும்பி வந்தது. ஆனாலும் அந்த வருடம் முழுக்க அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த வருடம் ஒரு பகல் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் சோற்றுச் சட்டியைத் தூக்குவதற்கு முன்னால் குசினித் திரை விலகியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உம்மா வெளியே வந்தார். அவருடைய வாப்பா நாற்பத்து மூன்று வயதுக்கு மேல் எத்தனை நாள் இருந்தார் என்று மருதமுனை மதினியிடம் கேட்டு வைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் அத்தனை மாதம் நாள் எண்ணியிருக்கிறார். என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்துக் கதைத்தார்.

"மருமகன், இண்டையோட நீங்க உங்கட வாப்பாவ விட மூத்தவர். பீங்கானைக் கொண்டாங்க."

அவர் இரண்டு கைகளாலும் பீங்கானை நீட்டினார். உம்மா சோறு போட்டுக்கொண்டேயிருந்தார், அவர் போதும் என்று சொல்லவேயில்லை.