இலைக்கு அடியில் இருந்த ரசீது

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் அது. மலாக்காவில் காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குப் பக்கத்து வரிசையில் ஒரு பலகை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வரிசையில் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

தீபாவளிக்கு முன் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. சிங்கப்பூரில் ஒரு கடை, பாதி விலையில் பட்டுச் சேலை, தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். மணியார்டர் வேண்டாம், நோட்டாகவே கவரில் வைத்து அனுப்பினால் இன்னும் தள்ளுபடி உண்டு என்று போட்டிருந்தது. ஏன் அப்படி என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அன்புள்ள தாய்மார்களே என்று அவ்வளவு அழகான தமிழில் எழுதியிருந்தார்கள், அதிலேயே நான் விழுந்துவிட்டேன். நானும் வரிசையில் இரண்டு பெண்களும் பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண்ணும் ஆளுக்கொரு சேலைக்குப் பணம் போட்டோம்.

சாமி கும்பிடுவதில் அந்தச் செட்டிப் பெண் எங்களைவிடச் சிரத்தையானவள். ஆனால் பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து மலாக்காவில் வேரூன்றிய செட்டிக் குடும்பம், பேச்செல்லாம் மலாய். அவள் வாயில் நான் கேட்ட ஒரே தமிழ், என்னைக் கூப்பிடும் 'அக்கா' மட்டும்தான். அதனாலேயே அவளை மனதுக்குள் ஒரு படி கீழே வைத்திருந்தேன்.

நல்ல காரியம் என்று கவரின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினேன். மொய் வைக்கிற மாதிரி, நோட்டுகளோடு ஒரு சில்லறைக் காசையும் போட்டு ஒட்டினேன். அன்று அவள் டவுனுக்குப் போவதாகச் சொன்னாள். தபாலில் சேர்த்துவிடச் சொல்லிக் கவரை அவளிடம் கொடுத்தேன்.

சாயங்காலம் அவள் ஒரு மங்குத் தட்டில் வாழையிலை விரித்து, வெல்லப்பாகு ஊற்றிய குவே பலகாரம் கொண்டுவந்தாள். வாசலில் நின்று ஏதோ சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை, எனக்கு விரதம். அந்த வீட்டுப் பாத்திரத்தில் இறால் விழுதான பிளாச்சான் பட்டிருக்குமோ என்று அருவருப்பு வேறு. அவள் தலை மறைந்ததும் பலகாரத்தை இலையோடு எடுத்துக் கோழிக்குப் போட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்தேன்.

மூன்று வாரமாகியும் சேலை வரவில்லை. கடைக்குக் கடிதம் போட்டேன், பதிலும் இல்லை. குழாயடியில் ஒருத்தி கேட்டே விட்டாள்.

"என்னக்கா, நீங்கதானே நம்பிப் பணம் போடுங்கன்னு சொன்னீங்க."

விளம்பரத்தைச் சந்தேகப்பட்டால் என் படிப்பே பொய் என்று ஆகிவிடும் போலிருந்தது. "நான் கவரைக் கையில குடுத்தேன். அது தபால் ஆபீஸுக்குப் போச்சா, வேற எங்கயாச்சும் போச்சான்னு யாருக்குத் தெரியும்" என்றேன். செட்டிப் பெண் குடத்தோடு அங்கேயே நின்றிருந்தாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அக்கா, கெர்த்தாஸ் பாவா டாவுன்" என்றாள். தபால் ரசீதை அன்றைக்கே இலைக்கு அடியில் வைத்துக் கொடுத்தேனே என்கிறாள். நீ கொடுத்ததைக் கோழிக்குப் போட்டேன் என்று எப்படிச் சொல்வது? "காகிதம் ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டேன். அவள் குடத்தை நிரப்பாமலே போய்விட்டாள்.

வீட்டுக்கு ஓடிவந்து கோழிக்கூட்டுக்கு அடியில் கிளறினேன். காய்ந்த இலையில் ஒட்டிக்கொண்டு ரிஜிஸ்டர் தபால் ரசீது கிடந்தது. வெல்லக் கறை, நடுவில் கோழி கொத்திய ஓட்டை. நம்பர் மட்டும் தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸுக்குப் போக எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவள் குழாயடிக்கு வரவில்லை.

தபால் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "மஞ்சள் தடவுன கவர்தானே? தொட்டாலே உள்ள காசு தெரிஞ்சிச்சு. சாதாவா போட்டா போய்ச் சேராதும்மான்னு நான்தான் சொன்னேன். அந்தம்மா சொந்தக் காசு போட்டு ரிஜிஸ்டர் பண்ணாங்க" என்றார். அவர் எழுதிக் கேட்டதற்குச் சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. கவரை யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். அந்த விலாசத்தில் சேலைக்கடையே கிடையாது.

எல்லாரும் இருக்கும்போது குழாயடியில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், ரசீதையும் காட்டினேன். எங்கே கிடைத்தது என்று கேட்டாள். இலைக்கு அடியில்தான் இருந்தது, நான் கவனிக்கவில்லை என்றேன். அவள் அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த என் கோழிகளை ஒரு தரம் பார்த்தாள். ரசீதை மடித்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிடவே இல்லை.

இப்போது என் மகள் கைபேசியிலேயே பணம் கட்டிச் சேலை வாங்குகிறாள். கடை உண்மையானதுதானா என்று பார்க்கிறாள், ரசீதைப் பத்திரப்படுத்துகிறாள். "அழகாத் தமிழ் எழுதியிருக்கான்னு நம்பிடாதே" என்பேன். அவள் சிரிப்பாள். முகம் தெரியாதவனை அவன் தமிழுக்காக நம்பி, தினமும் முகம் பார்த்தவளை அவள் மலாய்க்காகத் திருடியாக்கினேன். போன பணம் எனக்கு மறந்துவிட்டது, கோழிக்குப் போட்டதைக் கடைசிவரை அவளிடம் ஒப்புக்கொள்ளாத வெட்கம் மட்டும் இன்னும் போகவில்லை.