ரெண்டு பெட்டா போடச் சொல்லு

அடுத்தவர் விரலில் அருவாமனை பட்டால் என் விரல் எரியும். தெருவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எனக்குச் சோறு இறங்காது. என் உடம்பு அப்படி.

எங்கள் ராஜா அண்ணாமலைபுரம் ஹவுசிங் போர்டில் பக்கத்து வீட்டுக்காரி காலில் ஒருமுறை கொதிக்கிற கஞ்சி கொட்டிவிட்டது. புண்ணுக்குக் கட்டு மாற்ற, துணைக்கு நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய கட்டைப் பிரித்தார்கள். நான் மயங்கி விழுந்தேன். நர்சம்மா அவள் காலை விட்டுவிட்டு என்னைத் தூக்க வந்தாள். வெந்த காலோடு பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்து எனக்கு விசிறினாள்.

சாயங்காலம் அடிபம்பில் குடம் வைத்து நிற்கும்போது என் ஓரகத்தி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இனிமே இவள ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுன்னா ரெண்டு பெட்டா போடச் சொல்லுங்க."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு சுட்டது. வருஷக்கணக்கில் அதை ஆறவிடாமல் வைத்திருந்தேன்.

போன வருஷம் அதே பம்படிப் பாசியில் ஓரகத்தி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்க்கப் போனேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பொம்பளைகள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். "கால கீழ வெக்காதக்கா, படுத்தே இரு" என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். அவள் மகள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூலையில் நின்ற வாக்கரின் மேல் உள்பாவாடை காய்ந்தது.

எக்சசைஸ் சொல்லிக்கொடுக்க வருகிற பெண் வாசலில் என்னிடம் சொன்னாள்: "நடக்கணும் ஆயா. இப்படியே படுத்தாங்கன்னா முதுகெல்லாம் புண்ணாயிடும், நெஞ்சுல சளி கட்டிக்கும். அப்புறம் எழுந்திரிக்கவே மாட்டாங்க."

உள்ளே பார்த்தேன். ஊரையே சிரிக்க வைத்தவள் பிழிந்துபோட்ட துணி மாதிரிக் கிடந்தாள். என் இடுப்பும் வலித்தது, கண் இருட்டியது. சுவரைப் பிடித்தேன். அப்போதுதான் அந்த ரெண்டு பெட் ஞாபகம் வந்தது. கோபத்தில் முதுகு தானாக நிமிர்ந்தது. வெளியே போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தேன்.

"அழறவங்கல்லாம் மாடிப்படில குந்தி அழுங்க. இங்க எடம் வேணும்."

பாவாடையை எடுத்து எறிந்துவிட்டு வாக்கரைக் கட்டிலருகே வைத்தேன்.

"எழுந்திரிக்கா."

"உயிர் போவுதுடி. உனக்கு மனசே கெடையாதா?"

"கீது. வெளிய வெச்சிட்டு வந்தேன்."

அன்றைக்கு நின்றாள், அவ்வளவுதான். தினமும் போனேன். அந்தப் பெண் சொன்னபடி வலி மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தேன். அவள் கத்தும்போது முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தால் நான் விழுந்துவிடுவேன். குதிகாலை மட்டும் பார்த்தேன், தரையில் பதிகிறதா என்று. நீ செத்துப்போனால் அந்த ரெண்டு பெட் பேச்சுக்கு நான் யாரிடம்டி பதில் சொல்வது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே இடுப்பைப் பிடித்தேன். உடம்பு துடைத்து, தலை வாரி, கஞ்சி கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். அதற்குள் அவள் வயிறு நிறைந்திருக்கும். என் அழுகையால் யாருக்கும் வேலை கெடவில்லை.

அவளை நான் கோயிலுக்கோ கடைக்கோ நடத்திப் போகவில்லை. பம்படிக்குத்தான் நடத்தினேன், குடங்கள் வரிசையாக நிற்கிற நேரமாகப் பார்த்து. வாக்கரைத் தட்டித் தட்டி வந்து சேர்ந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எத்தினி பெட்டுக்கா போடச் சொல்லட்டும்?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இத்தினி வருஷமா இத்த மனசுல வெச்சிக்கினா இருந்த?"

"ஆமா."

"பெட்டு ஒண்ணும் வாணாம். ஒரு சேர் போடு, கால் நடுங்குது."

சேர் கொண்டுவந்து போட்டேன். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று அவள் நினைக்க வேண்டாம். நாளையிலிருந்து மாடிப்படி.