வஹிதா டீச்சரும் ஒரே அளவுச் சட்டையும்

"எல்லாப் புள்ளைங்களுக்கும் ஒரே அளவுல சட்டை தெச்சுப் போட்டுட்டு, பத்தலைன்னா புள்ளையவா வைவீங்க?"

பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் கணக்கு டீச்சர் வஹிதா இதைச் சொல்லாத நாளில்லை. தையல்காரர் தாவூதின் மகள். மூக்கு விடைக்க, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் சொல்வார். நான் அதைச் செய்துகாட்டி வகுப்பைச் சிரிக்க வைத்தபோது அவரிடமே மாட்டினேன். "கண்ணாடிய இன்னும் வேகமா வைடா," என்றார்.

எண்பத்தேழில் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஹெச்.எம். வெங்கடாசலம் அதற்கு ஆயுதபூஜைப் பொட்டு வைத்து, துணி போர்த்திப் பூட்டிவிட்டார். தொட்டால் கெட்டுவிடுமாம். டீச்சர் சண்டை போட்டுச் சாவி வாங்கி, அதில் ஒரு கணக்குப் பரீட்சை அமைத்தார். சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும்; தவறினால் எளிதாகும். முடிவில், எங்கே இடறுகிறோம் என்று அவரவருக்குத் தனியாகச் சொல்லும்.

இத்தனை பாடும் காவேரிக்காக. சித்தேரி மலையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பத்தாவதில் ஃபெயிலாகிப் பள்ளியின் பேரைக் கெடுப்பாள் என்று அவளுக்கு டி.சி. எழுதியே வைத்துவிட்டார் ஹெச்.எம்.

காவேரி பரீட்சை எழுதினாள். திரையில் வந்த இங்கிலீஷை டீச்சர் தமிழில் படித்தார்: "மைனஸ் குறி வந்தா மட்டும் தடுமாற்றம். மத்ததெல்லாம் நல்லாத் தெரியுது."

ஹெச்.எம். நம்பவில்லை. முதல் ரேங்க் கிருஷ்ணப்பனை உட்கார வைத்தார். கேள்விகள் ஏறிக்கொண்டே போனதில் அவனுக்குக் காவேரியைவிட அதிகத் தவறுகள்.

"மெஷினு கெட்டுப்போச்சும்மா," என்றார் ஹெச்.எம்., வாயில் வெற்றிலை ததும்புகிற அந்தக் குரலில். "கிருஷ்ணப்பனுக்குக் கேட்டதையே இவளுக்கும் கேளு. நாயம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

"அவன் கஷ்டமான கேள்விக்கு ஏறிப் போயிட்டானுங்க சார். அந்தக் கேள்விய இவளக் கேட்டா எப்படிங்க?"

"நானே பாக்கறேன். நவுரும்மா."

வரலாறு நடத்துகிறவர். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். தப்பு. மறுபடி தப்பு. கேள்வி இறங்கி இறங்கி, இரண்டும் மூன்றும் எத்தனை என்பதில் வந்து நின்றது.

"என்னையப் பாத்து இதக் கேக்குது. யாரு பண்ண வேலை இது?"

வாசலில் பாதிப் பள்ளி நின்றது. மறுநாள் ஹெச்.எம். அந்த டி.சி.யைத் தன் கையாலேயே கிழித்தார். காவேரி எங்களோடுதான் பத்தாவது பரீட்சை எழுதினாள். அவரைக் கிழிக்க வைத்தது, டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்ன பதில்:

"மெஷினு கெடலைங்க சார், உங்களுக்கு எங்க முடியுதோ அங்க வந்து நிக்குது. காவேரி மைனஸ்ல நின்னதுக்கு அவளுக்கு டி.சி. எழுதுனீங்க. நீங்க ரெண்டும் மூணுங்கறதுல நிக்கறீங்க. உங்களுக்கு யாருங்க எழுதறது?"