கழுதைக்குள் எங்கள் அண்ணி

எங்கள் அண்ணி ஊரறிந்த நடிகை. ஆனால் கடைத்தெருவில் நடந்து போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அண்ணி புகழ் பெற்றது கழுதையின் பின்பாதியாக. முன்பாதி என் அண்ணன்.

கழுதையைச் சாம்பல் நிறக் கம்பளித் துணியில் நான்தான் தைத்தேன். தலை மட்டும் அட்டையில் செய்து வர்ணம் பூசியது. அண்ணன் நிமிர்ந்து நின்று தலையைத் தாங்குவான். அண்ணி அவனுக்குப் பின்னால் இடுப்பை மடித்துக் குனிந்து அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வாள். முதுகில் வரிசையாகக் கொக்கிகள். அவற்றை உள்ளே இருப்பவர்களால் கழற்ற முடியாது, வெளியிலிருந்து நான்தான் கழற்ற வேண்டும். வாலுக்கு ஒரு நூல் உண்டு. அது அண்ணியின் கையில் இருக்கும்.

கல்யாணமாகி வந்தபோது அண்ணிக்கு நடிக்கிற எண்ணமே கிடையாது. அண்ணன் இருந்த நாடகக் கம்பெனியில் அதுவரை பின்பாதியாக இருந்தவர் முதுகு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். "ஒரே ஒரு வாரம் சமாளிம்மா, வேற ஆள் பார்க்கறேன்" என்றார் முதலாளி. அந்த ஆளை அவர் இன்றுவரை பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

அப்போது கழுதைக்குப் பெரிய வேலை ஒன்றுமில்லை. கதாநாயகன் கதாநாயகியைப் பார்த்துப் பாடும்போது, மூட்டையைச் சுமந்துகொண்டு மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

அண்ணியின் அம்மாவை நாங்கள் அத்தை என்போம். அவருக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலை. மகள் நாடகத்தில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டதும் அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. கூட வேலை செய்யும் பெண்களையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்து ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்தார். நாடகம் முடிந்தது. எல்லோரும் வரிசையாக நின்று வணக்கம் சொன்னார்கள். அண்ணன் தலையைக் கழற்றிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அண்ணியும் உள்ளே குனிந்தபடியே வணக்கம் சொன்னாள். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். கொக்கியைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"எங்கம்மா உங்க பொண்ணு?" என்று கேட்டிருக்கிறார்கள் அந்தப் பெண்கள்.

"அவளுக்கு இன்னைக்குக் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு, அத்தை நேராக மேடைக்குப் பின்னால் வந்தார்.

"என்னடி, ஏமாத்திட்டே? நீ வரவே இல்லையே!"

"வந்தேனேம்மா. மூட்டை தூக்கிட்டு வந்தேனே."

"மூட்டை தூக்கினது கழுதைடி."

"அதுல பின்னாடி."

அத்தைக்கு விஷயம் விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. விளங்கியதும் துணிப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இதை நான் எந்த வாயால வெளியே சொல்றது? முகம் தெரியற மாதிரி ஒரு வேஷம் வரட்டும். அப்ப கூப்பிடு, வர்றேன். அதுவரைக்கும் உனக்குக் காய்ச்சல்தான்."

அத்தை சொன்னால் சொன்னதுதான். அதன் பிறகு கொட்டகைப் பக்கமே வரவில்லை. அண்ணிக்கு அது மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. "தட்டு ஏந்திட்டு நிக்கிற வேலைக்காரி வேஷம் குடுத்தாக்கூடப் போதும், முகத்தை அம்மா பார்த்துட்டாங்கன்னா சரி" என்று முதலாளியிடம் கேட்டுப் பார்த்தாள். "தாராளமா குடுக்கறேன். கழுதைக்கு ஒரு ஆளைக் கொண்டா" என்றார் அவர். சம்பளத்தைச் சொன்னால் வந்தவர்கள், வேலையைச் சொன்னதும் போய்விட்டார்கள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் குடைச் சண்டை வந்தது. நல்ல மழை நாளில் அண்ணன், அண்ணியின் குடையைக் கதாநாயகிக்குக் கொடுத்து அனுப்பிவிட்டான். அண்ணி தொப்பலாக நனைந்து வந்தாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கழுதைக்குள் புகுந்தாள். நான் கொக்கி மாட்டினேன்.

மேடை நடுவில் போனதும் கழுதை நின்றுவிட்டது. அண்ணன் ஓர் அடி வைத்தான். அண்ணி வைக்கவில்லை. அவன் இழுத்தான், அவள் பின்னுக்கு இழுத்தாள். கழுதை நீண்டுகொண்டே போயிற்று. நான் போட்ட தையல் தாங்குமா என்று எனக்கு உயிரே இல்லை. கதாநாயகன் ஒன்றும் நடக்காதது போல, "வா வா என் அருகே" என்று கையை நீட்டிப் பாடினான். அதே ராகத்தில், அதே சுருதியில், கழுதையின் வால் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"வர மாட்டேன், போடா!"

கொட்டகையே இரண்டாகிவிடும் போலச் சிரித்தது. அண்ணனும் ரோஷத்தோடு முன்னாலிருந்து பாடினான்: "வந்துதான் ஆகணும்!" பின்னாலிருந்து, "குடையைக் குடுத்தது யாரு?" என்று கேட்டது. வால் சுழன்று சுழன்று அண்ணன் முதுகில் அடித்தது. கதாநாயகியை யாரும் பார்க்கவே இல்லை.

காட்சி முடிந்ததும் முதலாளி ஓடி வந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் கழுதையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கும் இதே சண்டை வேணும்!"

அதில்தான் வம்பு. மறுநாள் காலையிலேயே அண்ணன் புதுக் குடை வாங்கிக் கொடுத்துவிட்டான். அன்று மாலை இருவரும் உள்ளே கொஞ்சிக்கொண்டே நடந்தார்கள். பாட்டும் சண்டை மாதிரியே இல்லை, தாலாட்டு மாதிரி இருந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

பொய்யாகச் சண்டை போட இருவருக்குமே வரவில்லை. அதனால் முதலாளி மூட்டிவிட ஆரம்பித்தார். தினமும் ஒப்பனை அறைக்கு வருவார். அண்ணன் காதில், "உன் மூக்குக்குக் கழுதை முகமூடியே வேண்டாமாமே, உன் சம்சாரம் சொல்லுதாம்" என்பார். அந்தப் பக்கம் போய் அண்ணியிடம், "கழுதைக்கு மூளை முன்பாதியிலதான் இருக்குன்னு உன் புருஷன் பேசிட்டிருக்கான்மா" என்பார். பிறகு என்னிடம் வந்து, "வீட்டுல இன்னைக்கு என்ன நடந்தது?" என்று கேட்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் என் முகத்தை உற்றுப் பார்த்து, "சரி, ஏதோ நடந்திருக்கு, போதும்" என்று சந்தோஷமாகப் போய்விடுவார்.

ஒரு முறை சண்டை முற்றி, பெல்ட்டை அண்ணி விட்டே விட்டாள். தையல் பிரிந்து முன்பாதி அந்தக் கோடிக்குப் போய்விட்டது. பின்பாதி நடு மேடையில் தனியாக நின்று முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டு, எதிர்க் கோடி வழியாக வெளியேறியது. அதன் பிறகு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. நாடகத்தின் பெயரை விட்டுவிட்டு எல்லோரும் கழுதை நாடகம் என்றே சொன்னார்கள். கதாநாயகன் கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனான். போனது கழுதைக்குத் தெரியவில்லை.

சினிமா டைரக்டர் ஒருவர் வந்தது அப்போதுதான். நாடகம் முடிந்த சூட்டோடு உள்ளே வந்தார். நான் கொக்கியைக் கழற்றப் போனேன். அதற்குள் அவர், தலையை மட்டும் கழற்றியிருந்த அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கழுதை அப்படியே என் படத்துக்கு வேணும் சார். பாட்டோட. என்ன சொல்றீங்க?"

"முகம் தெரியணும்" என்றது கழுதை.

டைரக்டர் அண்ணன் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது.

"என் முகம் தெரியணும். ஒரே ஒரு தடவை. பெரிசா."

டைரக்டர் மெதுவாகச் சுற்றிக்கொண்டு வால் பக்கம் போனார். "அம்மா, வெளியே வாங்க, உட்கார்ந்து பேசலாம்."

"ஒத்துக்கிட்டீங்கன்னா வர்றேன்."

அண்ணி என் பக்கம் ஓர் உதை விட்டாள். கொக்கியில் கை வைக்காதே என்று அர்த்தம். டைரக்டர் வாலைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். கடைசியில், பாட்டு முடிவில் கழுதை வைக்கோல் போரில் விழும், கொக்கி தெறிக்கும், இருவரும் வெளியே வருவார்கள் என்று முடிவாயிற்று.

"நல்லாத் தெரியணும் சார். எங்கம்மாவுக்குப் பார்வை கொஞ்சம் மட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

சினிமாவில் பாட்டை முதலிலேயே தனியாகப் பதிவு செய்துவிடுவார்களாம். கண்ணாடி அறையில் மைக் முன்னால் அண்ணியை நிற்க வைத்தார்கள். அண்ணிக்குக் குரலே எழும்பவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள். பாட்டு வாத்தியார், "கண்ணை மூடிக்கிட்டுப் பாடுங்கம்மா" என்றார். அப்போதும் வரவில்லை. அண்ணி வெட்கத்தோடு, "நான் குனிஞ்சுக்கலாமா?" என்று கேட்டாள்.

மைக்கைத் தரையோடு தரையாக இறக்கினார்கள். அண்ணன் நேராக நின்றான். அண்ணி பின்னால் குனிந்து அவன் பெல்ட்டைப் பிடித்தாள். ஒரு ஜமுக்காளத்தை எடுத்து இருவர் மேலும் போர்த்தினேன். உடனே கணீரென்று வந்தது குரல். ஆனால் வாசிப்பவர்களால் வாசிக்க முடியவில்லை. வயலின்காரர் சிரித்துச் சிரித்து வில்லைக் கீழே போட்டார். அவர்களையெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார வைத்துத்தான் பதிவை முடித்தார்கள்.

சண்டைக்கும் அன்று பஞ்சமில்லை. படத்தில் முகம் காட்டும்போது தான்தான் முன்னால் நிற்கப்போவதாக அண்ணன் சொன்னதே போதுமானதாக இருந்தது.

படப்பிடிப்பில் முகம் காட்டும் நேரம் வந்தது. கழுதை வைக்கோலில் விழுந்தது. அண்ணன் எழுந்து பல்லைக் காட்டினான். அண்ணியும் எழுந்தாள், குனிந்தபடியே. காமிராவுக்கு அவளுடைய உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

"நிமிருங்கம்மா!" என்று கத்தினார் டைரக்டர்.

"நிமிர்ந்துதானே இருக்கேன்!" என்றாள் அண்ணி, தரையைப் பார்த்தபடி.

பல வருஷப் பழக்கம். கழுதைத் துணி மேலே பட்டாலே முதுகு தானாக மடிந்துவிடும். மறுபடி மறுபடி எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் நான் கொக்கிகளை மாட்டினேன். மேக்கப்காரர் பூசிய பவுடரெல்லாம் வியர்வையில் கரைந்து ஓடியது. கடைசியில் காமிராவுக்கு மேலே, பரண் மாதிரி ஓர் இடத்தில் எங்கள் நாடக முதலாளியை வரவழைத்து ஏற்றி நிறுத்தினார்கள். அவர் அங்கிருந்து, "உன் புருஷன் உன்னை மறைச்சுட்டு நிக்கறான் பாரும்மா!" என்று கூவினார். அண்ணி விருட்டென்று நிமிர்ந்தாள். அந்த ஒரு தடவைதான் படத்தில் இருக்கிறது.

படம் நீளமாகிவிட்டது, கண்டபடி வெட்டுகிறார்கள் என்று பேச்சு வந்தபோது அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. டைரக்டர் வீட்டு வாசலில் போய் நின்று, "இருக்கு, இருக்கு, போங்கம்மா" என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் சாப்பிட்டாள். அதன் பிறகு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், நனைந்த விரிப்புகளுக்கு நடுவில் நின்று சொன்னாள்.

"முகம் வருதும்மா. வாங்க."

அத்தை உடனே நம்பவில்லை. "யாரோட முகம்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

முதல் நாள் பகல் காட்சிக்குப் போனோம். அத்தை முன்னெச்சரிக்கையாக யாரையும் கூட்டி வரவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணனும் அண்ணியும் பின் வரிசையில். அண்ணி திரையைப் பார்க்கவில்லை, அத்தையின் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுதை வந்தது. நடந்தது. நின்றது. பின்னங்கால் ஒன்று மற்றக் காலை மெல்லத் தேய்த்துக்கொண்டது. அத்தை விசுக்கென்று எழுந்துவிட்டார்.

"அது என் பொண்ணு! ஐயோ, அது என் பொண்ணுதான்! நிக்கறப்பல்லாம் இப்படித்தான் காலைத் தேய்ச்சுக்குவா, சின்னப் பிள்ளையிலேர்ந்து!"

"உட்காரும்மா, மறைக்குது" என்றார்கள் பின்னாலிருந்தவர்கள்.

அத்தை உட்காரவில்லை. திரைக்கு முதுகைக் காட்டி, கொட்டகை முழுவதையும் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "அந்தப் பின்னாடி இருக்கறது நான் பெத்ததுங்க! குரலைக் கேளுங்க! அப்படியே எங்க வீட்டுக் குரல்!" சனங்கள் அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். அத்தைக்கு மேலும் தெம்பு வந்துவிட்டது. பிறந்தபோது என்ன எடை, எப்போது நடக்க ஆரம்பித்தாள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

திரையில் கழுதை வைக்கோலில் விழுந்துவிட்டது.

"அம்மா, திரும்புங்க! முகம்! முகம் வருது!" என்று அலறினாள் அண்ணி.

"இருடி, உன்னைப் பத்தித்தானே சொல்லிட்டிருக்கேன்!"

நான் கையைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டார். அவர் திரும்பியபோது திரையில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்.

படம் முடிந்து வெளியே வந்தபோதும் அத்தைக்குப் பெருமை அடங்கவில்லை. அடுத்த காட்சிக்கு வரிசையில் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டார். "இதோ இவதான். கொஞ்சம் குனிஞ்சு காட்டுடி, நம்ப மாட்டேங்கறாங்க."

"முடியாது" என்றாள் அண்ணி. அவள் அம்மாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அதோடு அத்தையின் மணிக்கட்டைப் பிடித்து, மறுபடியும் அதே வரிசையில் கொண்டு போய் நிறுத்தினாள். எங்களுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினாள்.

இந்தத் தடவை அத்தைக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அண்ணி. அண்ணனைப் பின்னால் உட்கார வைத்து, அத்தையின் தோள் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கழுதை வந்ததும் அத்தை துள்ளினார். அண்ணன் அழுத்தினான். வைக்கோலில் விழுந்ததும் அண்ணி அத்தையின் தாடையைப் பிடித்துத் திரைக்கு நேராக வைத்தாள்.

வந்தது முகம். திரை கொள்ளாத முகம். கன்னத்தில் வைக்கோல், நெற்றியில் வியர்வை, ஒரு பக்கம் படிந்து மறுபக்கம் சிலிர்த்து நின்ற தலைமுடி. கண் கூச, கோபமாக, எங்கள் எல்லோரையும் பார்த்தது.

அத்தை மூச்சு விடாமல் பார்த்தார்.

"ஏன்டி, இத்தனை பேர் பார்க்கற இடத்துல தலையை வாரிக்கிட்டு வரக்கூடாதா? மாப்பிள்ளையையும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லியிருக்கலாம். பாதி காதை மறைக்கறார்."

"காது கேக்குது அத்தே" என்றான் அண்ணன் பின்னாலிருந்து.

அண்ணி தாடையைப் பிடித்த கையை எடுக்காமல், அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை என்னடி பார்க்கறே?" என்றார் அத்தை. "படத்தைப் பாரு."