மரத்தடியில் ஈரம்

காலை ஐந்தரை மணிக்கு எலோய்சா அம்மையார் மரத்தடியில் குந்தி, சுட்டுவிரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டெடுத்து முகர்ந்து பார்க்கிறார். ஈரம். "யாரோ கைவரிசையக் காட்டியிருக்கான்" என்று மரத்திடமே புகார் கொடுக்கிறார்.

பாலைவனத்து டூசான் நகரில் மற்ற வீடுகளுக்குத் திருடன் வருகிறான். இவர் வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் வருகிறான்.

முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். சீட்டு வாங்காதவனைக் கண்ணாடியிலேயே பிடித்த கண். அந்தக் கண் இப்போது தபால்காரரின் தண்ணீர்க் குப்பியைத் தொடர்கிறது. எதிர்வீட்டு நாயையும் விசாரித்து, இவ்வளவு ஈரம் அதனால் ஆகாது என்று விடுவித்தாயிற்று.

மரம் பாலோ வெர்டே. தண்டு, கிளை எல்லாம் பச்சை. கோடையில் இலையை உதிர்த்துவிட்டுப் பட்டையின் பச்சையை வைத்தே குடித்தனம் நடத்தும். நட்ட முதல் இரண்டு கோடைக்கு நீர் வேண்டும். பிறகு எப்போதாவது, நிழல் முடியும் இடத்தில், ஆழமாக ஊற்றினால் போதும். அடியில் தினமும் ஊற்றினால் வேர் கீழே போகாமல் மேலாகவே சோம்பிக் கிடக்கும். ஜூலைப் புயலில் மரம் படுத்துவிடும். அது படுக்கக்கூடிய திசையில்தான் அம்மையாரின் கட்டில் இருக்கிறது.

பெரிய சந்தேகம், பனிக்காலத்தில் ஏரிகள் நிறைந்த மினசோட்டாவிலிருந்து அடுத்த வீட்டுக்குக் குடிவந்த வெண்டல் மீது. "ஏரிக்கரையில பொறந்தவன். காஞ்ச மண்ணப் பாத்தா அவனுக்குக் கை சும்மா இருக்காது." நேரில் கேட்டதற்கு வெண்டல், வானிலையைப் பற்றி நீளமாகப் பேசினார். சந்தேகம் வலுத்தது.

ஜூலையில் ஒரு மாலை, வானம் முட்டும் சுவராகப் புழுதிக்காற்றும் பின்னாலேயே மழையும் வந்தன. இருபது நிமிடம். மரம் கட்டில் பக்கம் ஒரு முழம் சாய்ந்து, வேரொன்று மண்ணை நெம்பிக்கொண்டு நின்றது. வெண்டல் நனைந்தபடி ஓடிவந்தார்.

"நாந்தாங்க. எலையெல்லாம் கொட்டிருச்சு, சாகப்போகுதுன்னு நெனச்சேன். தெனம் ரெண்டு வாளி."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா விடமாட்டீங்கன்னு தெரியுங்க."

அம்மையார் உள்ளே போய்க் கயிறு கொண்டுவந்தார். பட்டை அறுபடாமல் பழந்துணி சுற்றித் தண்டில் கட்டி, மறுமுனையை வெண்டலிடம் நீட்டி, எதிர்ப்பக்கத்து இரும்புக் கம்பத்தைக் காட்டினார். வெண்டல் மூச்சுப்பிடித்து இழுத்து, மூன்று முடிச்சுப் போட்டு, கையை உதறிக்கொண்டு விலகினார்.

அவர் விலகும்வரை அம்மையார் பொறுமையாக நின்றார். பிறகு கம்பத்தருகே போய், மூன்று முடிச்சையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தானே போடத் தொடங்கினார்.