வாய் பொத்திப் பேசுகிறவர்கள்

பதினைந்து வயதில் வந்த காய்ச்சல் என் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறேன். பாதி பார்ப்பது, பாதி ஊகம். ஊகிப்பதை மட்டும் நான் யாரிடமும் ஒப்புக்கொள்வதில்லை.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு டிவியில் ஃபுட்பால் மேட்ச் ஓடினால் தெருவே வந்து உட்காரும். முதல் நாற்காலி எனக்குத்தான். கோச் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார். "என்னா சொல்றான், சொல்லுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் என் தொடையைத் தட்டுவார். அந்த மனுஷன் பேசுவது எந்த நாட்டுப் பாஷை என்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் கெத்தை விட மனசு வராமல், "அவனாண்ட பந்த குடுக்காதன்னு தலபாடா அடிச்சிக்கினேனேன்றான்" என்று அடித்துவிடுவேன். எல்லோருடைய தோளும் குலுங்கும்.

அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய மேட்ச் ஒன்றில் இரண்டு ஆட்டக்காரர்கள் வாயைக் கையால் மூடிக்கொண்டு கோச்சிடம் பேசினார்கள். அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "இம்மாம் பெரிய ஆளுங்க. இவனுங்களும் வாயப் பொத்திக்கினுதான் நிக்கணுமா?" என்றார். இளவயதில் வேலை கேட்டு நிலக்காரர் வீட்டு வாசலில் அப்படி நின்றவர் அவர். இன்றும் தாலுகா ஆபீசுக்குள் நுழைந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மரியாதைக்கு இல்லப்பா. என்னை மாதிரி ஆளுங்க உதட்டப் படிச்சிடுவாங்கன்னு மறைக்கிறாங்க" என்றேன். அப்பா என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ உனக்குப் பயந்துக்கினா?" என்று கேட்டுவிட்டு, அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

போன மாதம் அவர் தொண்டையில் ஒரு கட்டி. விழுப்புரம் மருத்துவமனை ஒன்றில் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வாங்கப் போன அன்று நானும் கூட இருந்தேன். டாக்டர் முகத்தில் மாஸ்க். எழுதிக் காட்டச் சொன்னேன். 'இன்னொரு டெஸ்ட் பார்க்கணும்' என்று மட்டும் எழுதினார். நல்லதா கெட்டதா என்று அதில் இல்லை. அதற்குள் அப்பா எழுந்து நின்று, வாயைப் பொத்திக்கொண்டு டாக்டரிடம் ஏதோ கேட்டார். நீளமாகத்தான் கேட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் தோளில் கை வைத்தார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பெரிய மனுஷர் முன்னால் எப்போதும் மேலே போகிற கைதானா அது? இல்லை, என்னிடமிருந்து மறைக்கப் பொத்திய கையா? அந்த வழியைக் காட்டிக்கொடுத்ததே நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று என்மேலேயே கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டேரிப்பட்டு தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"யப்பா, டாக்டராண்ட என்னா கேட்ட?"

எனக்குக் காது போனதிலிருந்து, என் முகத்தைப் பார்க்காமல் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காதுக்குக் கீழே தாடை அசைந்தது. பதில் சொல்கிறார் என்று தெரிந்தது. ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டே வந்தார்.