கிளீனர் பக்கத்துக் கதவு

எங்க அக்கா லாரி கம்பெனியில ரிஜிஸ்டர் பார்க்கறா. பத்தொம்பது வருஷமா அதே நாற்காலி. கம்பெனிக்கு எத்தனை வண்டி, எது ஓடுது, எதை உடைச்சு இரும்புக்குப் போட்டாச்சுன்னு எழுதி, மாசாமாசம் "இத்தனைதான்"னு கையெழுத்துப் போட்டுப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பணும். அதுல ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் மொத்த வண்டிக்கும் பர்மிட் நின்னுடும். எண்ணி எண்ணி அதுவே வியாதி ஆயிடுச்சு அவளுக்கு. குக்கர் விசில் அடிச்சா விரலை மடக்குவா. வாசல்ல செருப்பு ஒத்தையா கிடந்தா ஜோடி கிடைக்கற வரைக்கும் யாரும் சாப்பிட முடியாது. அம்மா போன பிறகு வீட்டுல நாங்க ரெண்டே பேர். அப்பவும் காலையில வேலைக்குக் கிளம்பி, வீட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி "ரெண்டு பேரும் வெளிய வந்துட்டோமா?"ன்னு கேட்பா. பக்கத்துல நின்னுக்கிட்டே "இல்ல, நான் உள்ளதான் இருக்கேன்"னு சொல்லுவேன். சிரிக்கவே மாட்டா.

நான் அதே கம்பெனியில மெக்கானிக். வேலை வாங்கிக் கொடுத்தது அவதான். அதை ஒரு நாளும் வாயால சொல்லிக் காட்டினதில்லை, பார்வையாலேயே சொல்லிடுவா. டிரைவருங்க அவளை ரிஜிஸ்டரம்மான்னு மரியாதையா கூப்பிடுவாங்க. எனக்கு வச்ச பேரு 'அப்புறம்'. எந்த வேலையைச் சொன்னாலும் "அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொல்றேனாம். வயித்தெரிச்சல் பிடிச்ச பசங்க.

எங்க ஷெட்டுல வண்டிக்கு முழு நம்பர் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது. கடைசி ரெண்டு எண்தான் பேரு. "பதினெட்டுக்கு பிரேக் பாரு, எழுபத்தொண்ணுக்கு ஆயில் மாத்து." அந்தப் பதினெட்டு போன வருஷம் பள்ளத்துல உருண்டு அப்பளமா நொறுங்கிப் போச்சு. டிரைவர் மட்டும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு எழுந்து வந்துட்டான். வண்டியை உடைச்சாச்சுன்னு எழுதி அக்கா கையெழுத்துப் போட்டா. மொத்த வண்டி நாப்பத்திரெண்டுலேர்ந்து நாப்பத்தொண்ணு ஆச்சு.

இந்த மாசம் ஒரு திங்கட்கிழமை போக்குவரத்து அலுவலகத்துலேர்ந்து கடிதம் வந்துச்சு. நீங்க உடைச்சுட்டதா சொன்ன வண்டி எடைமேடையைத் தாண்டிப் போயிருக்கு, இதோ படம். வியாழக்கிழமை ஆய்வாளர் நேர்ல வந்து எண்ணுவார், எல்லா வண்டியும் ஷெட்டுல நிக்கணும். பொய்யா எழுதியிருந்தா, கையெழுத்துப் போட்டவங்க மேல வழக்கு.

கையெழுத்துப் போட்டது எங்க அக்கா.

முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சார். "என்னம்மா இது? பர்மிட் போச்சுன்னா நாப்பத்தொரு லாரியிலயும் ஆடுதான் கட்டணும்!" அக்கா ரிஜிஸ்டரை எடுத்துக்கிட்டு ஷெட்டுக்குப் போய், லோடுக்குப் போனதையும் சேர்த்து எண்ணினா. நாப்பத்தொண்ணு. மறுபடி எண்ணினா. நாப்பத்தொண்ணு. டிரைவருங்க, பதினெட்டு பேயா வந்து சுத்துதுன்னு கிளப்பி விட்டுட்டானுங்க. டீசல் போடாம ஓடற பேய்னா நல்லதுதானேன்னு முதலாளிகூட ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பார்.

செவ்வாய்க்கிழமை அக்கா அந்தப் படத்தை என்கிட்ட நீட்டினா. நீலக் கதவு, வெள்ளை எழுத்துல இருபத்தாறு பதினெட்டு. பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சு போச்சு. அது பதினெட்டு இல்லை. எழுபத்தொண்ணு. எட்டு மாசம் முன்னாடி எழுபத்தொண்ணோட கிளீனர் பக்கத்துக் கதவு, அதான் இடது கதவு, கேட்டுல இடிச்சு நசுங்கிப் போச்சு. லோடு காத்துக்கிட்டிருந்துச்சு. பதினெட்டை உடைக்கக் கொடுத்தப்பவே அதுல நசுங்காம தப்பிச்ச கிளீனர் பக்கத்துக் கதவை நான் கழட்டி வச்சிருந்தேன். அதே நீலம். மாட்டிட்டேன். பழைய நம்பரை அழிச்சுப் புதுசா எழுதணும், பெயிண்டர் லீவு. மேல கொஞ்சம் கிரீஸைத் தடவி, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டேன். மழை என்னை மாதிரி சோம்பேறி இல்லை, கிரீஸைச் சுத்தமா கழுவிடுச்சு. டிரைவர் பக்கம் பார்த்தா எழுபத்தொண்ணு, கிளீனர் பக்கம் பார்த்தா பதினெட்டு. ஷெட்டுல அந்த வண்டி கிளீனர் பக்கத்தைச் சுவரோட ஒட்டி நிக்கும். யார் கண்ணுலயும் படலை.

"இது எப்படிடா?"ன்னு அக்கா கேட்டா.

"தெரியலையேக்கா"ன்னு திருட்டு முழி முழிச்சேன். போன மாசம்தான் முதலாளி, இன்னொரு தடவை வேலையில ஏமாத்தினா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு சொல்லியிருந்தார். மாட்டினது நான், மாட்டிக்கிட்டது அக்கா. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். என்னைச் செருப்பால அடிக்கணும்.

புதன்கிழமை காலையில அக்கா வீட்டைப் பூட்டினா. ஒண்ணும் கேட்கலை. எண்ணாமலே பூட்டிட்டு நடந்தா. இத்தனை வருஷத்துல அப்படி நடந்ததே இல்லை.

வியாழன் காலையில ஆறு மணிக்கே, அவ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி ஷெட்டுக்குப் போய், சுவருக்கும் வண்டிக்கும் நடுவுல பல்லி மாதிரி நுழைஞ்சேன். கையில, முதல் நாளே ஸ்டோர்லேர்ந்து எடுத்து வச்ச நீலப் பெயிண்ட். ரெண்டு எழுத்தை அழிச்சிருப்பேன்.

"எத்தனை எழுத்துடா அழிச்சே?"

திரும்பினா, வண்டியோட பின்பக்கம் அக்கா, ரிஜிஸ்டரோட நிக்கறா.

"ரெண்டு."

"மீதி?"

"ரெண்டு."

"சரியா இருக்கு. நேத்து சாயங்காலம் ஸ்டோர்ல ஒரு பெயிண்ட் டப்பா குறைஞ்சுது. எழுதாம எடுக்கறவன் நீ ஒருத்தன்தான்."

"அக்கா, இன்னும் ரெண்டே எழுத்து. அழிச்சிட்டா பேயும் போச்சு, பிரச்சினையும் போச்சு."

"உனக்குப் போச்சு. படத்துல இருக்கற கதவு எங்கேன்னு அவர் கேட்டா நான் எதைக் காட்டுவேன்?" குரலை உயர்த்தவே இல்லை. "கதவு இருந்தா உன் வேலை போகும். இல்லைன்னா நான் கோர்ட்டுக்குப் போவேன். ஒன்பது மணிக்கு வர்றார்."

சொல்லிட்டுப் போயிட்டா. ஒரு வார்த்தை திட்டியிருந்தா பதிலுக்குக் கத்தியிருப்பேன். பெயிண்ட் கரைக்கற தின்னர்ல துணியை நனைச்சு, ஈரப் பெயிண்டைத் துடைக்க ஆரம்பிச்சேன். அழுத்தித் துடைச்சா அடியில இருக்கற வெள்ளை எழுத்தும் கூடவே வந்துடும். எட்டு மாசமா அழிக்காம விட்ட நம்பரைக் காப்பாத்த ஒரு மணி நேரம் கெஞ்சிக்கிட்டிருந்தேன்.

ஆய்வாளர் எண்ணினார். எழுபத்தொண்ணைச் சுத்தி ரெண்டு தடவை நடந்தார், சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "இந்தக் கதவை மாட்டின மகான் யார்?"

கையைத் தூக்கினேன்.

"ஒரு வண்டிக்கு எத்தனை நம்பர்யா வச்சிருக்கீங்க?"

"பக்கத்துக்கு ஒண்ணு சார்."

சிரிப்பை அடக்கிக்கிட்டு நாப்பத்தொண்ணுன்னு எழுதினார். வழக்கு இல்லை, எச்சரிக்கையோட விட்டார். எப்படி நடந்துச்சுன்னு விளக்கம் மட்டும் எழுதித் தரணும்.

அவர் கார் கேட்டைத் தாண்டினதும் முதலாளி என்னைப் பார்த்தார். "உனக்கு இனிமே அப்புறமே கிடையாது. கிளம்பு."

அக்கா அதுக்குள்ளேயே எழுதி முடிச்சிருந்த விளக்கக் கடிதத்தை அவர் மேஜையில வச்சா. அவர் சத்தமா படிச்சார். "தவறு ஒன்று: நம்பரை அழிக்காமல் பழைய கதவை மாட்டியது. செய்தவர், மெக்கானிக்காக வேலை பார்க்கும் என் தம்பி. தவறு இரண்டு: அந்த வண்டியின் மறுபக்கம் போய்ப் பார்க்காமல் எட்டு மாதம் எண்ணிக் கையெழுத்திட்டது. செய்தவர், நான்." நிறுத்திட்டு நிமிர்ந்தார். "இதை யாரும்மா கேட்டாங்க? நீங்கதான் தப்பிச்சாச்சே!"

"நடந்த தப்பு ரெண்டுங்க. ஒண்ணுன்னு எழுதினா எண்ணிக்கை தப்பு. ஆளை எடுக்கறதா இருந்தா ரெண்டு பேரையும் எடுத்துடுங்க."

பத்தொம்பது வருஷமா ஒரு கோடு விழாத பேரு அவளோடது. என் பக்கத்துல நிக்கறதுக்காக அதைத் தானே கீறிக்கிட்டா. நான் அங்கேயே மூக்கை உறிஞ்சிக்கிட்டு அழுதேன், வெட்கமே இல்லாம. முதலாளி கடிதத்தை மடிச்சு வச்சுட்டு, "போய் அந்த நம்பரை எழுதித் தொலைடா"ன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில சாவியைக் கையில வச்சுக்கிட்டு அக்கா நின்னா. "ரெண்டு பேரும் வெளிய வந்துட்டோமா?"

"வந்துட்டோம்க்கா"ன்னேன். கிண்டல் வரலை.

"இரு"ன்னு சொல்லிட்டு என்னைச் சுத்திப் பின்பக்கம் போய்ப் பார்த்துட்டு வந்தா.

"ம், ரெண்டு பக்கமும் ஆள் ஒண்ணுதான்"னு சொல்லிப் பூட்டினா.